இடிப்பதா, பிரிப்பதா? பழைய கட்டடப் பொருள்களைக் கழற்றிக் கொடுப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய வீடுகளைப் பிரித்து, அதில் தேறும் பொருள்களை வேண்டியவர்களிடம் சேர்க்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. தொலைபேசியில் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

பிரிக்கிறது, இடிக்கிறது ரெண்டும் ஒன்றுதானே? எப்படியும் வீடு போகப்போகிறது.

வீடு போவது உண்மைதான். வேலை முடிந்த மறுநாள் மனையில் என்ன கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இயந்திரம் வைத்து இடித்தால் மரம், செங்கல், ஓடு, கண்ணாடி, கம்பி எல்லாம் கலந்து ஒரே குவியலாகக் கிடக்கும். அதிலிருந்து இரும்பைப் பொறுக்கிக்கொண்டு மற்றதைப் பள்ளத்தில் கொட்டுவார்கள். பிரிப்பது என்றால், கட்டிய வரிசையை அப்படியே திருப்பிப்போட்டு, கடைசியாகப் பொருத்தியதை முதலில் கழற்றி, ஒவ்வொன்றையும் உடையாமல் கீழே இறக்குவது.

நடுவில் ஒரு வழியும் உண்டு. கதவு, ஜன்னல், அலமாரி, படிக்கட்டுக் கைப்பிடி போன்றவற்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியை இடிப்பது. என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் இதைத்தான் செய்கிறார்கள். ஒன்றையும் எடுக்காமல் விடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

இடித்தாலும் மறுசுழற்சிக்குத்தானே போகும்? அது போதாதா?

கதவு இன்னொரு வீட்டில் கதவாகவே நின்றால் அது மறுபயன்பாடு. அதே கதவைத் துகளாக்கி அட்டைப் பலகை செய்தால் மறுசுழற்சி. செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சூளையில் ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்த பொருள் அது. அதற்கு எரித்த எரிபொருளெல்லாம் அந்தக் கல்லுக்குள் அடைந்து கிடக்கிறது. கல்லாகவே இன்னொரு சுவரில் ஏறினால் அவ்வளவும் மிச்சம். பொடித்துப் பள்ளத்தை நிரப்பினால் மண் போட வேண்டிய இடத்தில் சுட்ட மண்ணைப் போட்டதாக ஆகும், அவ்வளவுதான்.

உலோகத்தின் கதை வேறு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம். ஆகவே நெளிந்த ஜன்னல் சட்டத்தை நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்று மெனக்கெட வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

நான் ஒருத்தன் நாலு கதவைக் காப்பாற்றி உலகத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் கட்டுமான, இடிப்புக் கழிவு 60 கோடி டன் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. வீடுகளிலும் கடைகளிலும் சேரும் நகராட்சிக் குப்பையைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடிப்பதால் வந்தது. புதிதாகக் கட்டும்போது சிந்துவது மிகக் கொஞ்சம். சாலையும் பாலமும் இந்தக் கணக்கில் அடக்கம்தான். ஆனால் கட்டடக் குப்பை உருவாகும் இடம் எண்ணற்ற தனித்தனி மனைகள். ஒவ்வொன்றிலும் முடிவெடுப்பவர் உங்களைப் போன்ற ஒருத்தர்தான்.

சில ஊர்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 2016 அக்டோபர் கடைசியிலிருந்து, 1916க்கு முன்பும் அந்த வருடத்திலும் கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக்கூடாது, கையால் பிரிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2020இல் அந்த வரம்பை 1940 வரை நீட்டினார்கள். அங்கே அவை பெரும்பாலும் மர வீடுகள், பிரிக்கத் தோதானவை. ஆனாலும் எல்லோரும் செய்தே ஆக வேண்டும் என்று வந்த பிறகுதான் பிரிக்கத் தெரிந்த ஆட்களும், பழைய மரத்தை வாங்க ஆளும் பெருகுவார்கள்.

எதையெல்லாம் எடுக்கலாம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் கொடுத்தால் அதை மட்டும் பார்ப்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். திருகு, ஆணி, போல்ட், சுண்ணாம்பு ஆகியவற்றால் பிடித்து நிற்கும் எதுவும் பெரும்பாலும் முழுசாக வரும். சிமெண்டாலோ பசையாலோ ஒட்டியது பெரும்பாலும் உடைந்துதான் வரும். நிலையோடு கதவு, ஜன்னல், உத்திரம், கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்), ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்), ஓடு, தூண், கம்பிக் கதவு, பாவு கல், கருங்கல் படி இதெல்லாம் முதல் வகை. குளியலறைச் சுவரில் ஒட்டிய பீங்கான் டைல்ஸ் இரண்டாம் வகை. அதைக் கழற்றப் பார்த்து விரலை வெட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். விட்டுவிடுங்கள்.

பலர் மறந்துபோவது சின்னச் சாமான்கள். பித்தளைக் கீல், தாழ்ப்பாள், கொண்டி, கைப்பிடி. புதுசாக வாங்கப் போனால் அந்தக் கனத்தில் இப்போது கிடைப்பதில்லை.

எங்களுடையது முழுக்க கான்கிரீட் வீடு. அதில் என்ன தேறும்?

கதவு, ஜன்னல், கைப்பிடி, சமையலறை மேடைக் கல், போல்ட் போட்ட இரும்புப் படிக்கட்டு, கூரை மேல் போட்ட தகரம் இவை தேறும். தளமும் தூணும் தேறாது. கான்கிரீட்டும் கம்பியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். பிரித்தால் இரண்டும் கெடும். கான்கிரீட்டை நொறுக்கிச் சாலைக்கு அடியில் ஜல்லியாகப் போடலாம், கம்பியை உருக்கலாம்.

உடைத்தெடுத்த கம்பியை நிமிர்த்தி அடுத்த வீட்டில் போடலாமா என்று கேட்பார்கள். தாங்கு வேலைக்குக் கூடாது. வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பியின் குணம் மாறிவிடும், எங்கே எவ்வளவு மாறியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேலிக்குப் போடுங்கள், செடிகொடி படர விடுங்கள். கூரைக்கு வேண்டாம்.

எங்கள் மேஸ்திரி பழைய செங்கல் உதவாது என்கிறார். நிஜமா?

மேஸ்திரி சிமெண்டில் கட்டிய சுவர்களையே பார்த்தவராக இருந்தால் அவர் சொல்வது அவருக்கு நிஜம். சிமெண்டுக் கலவை கல்லை விடக் கெட்டியாக இறுகிவிடுவது உண்டு. சுரண்டினால் கலவைக்குப் பதில் கல் பெயரும். சுண்ணாம்புக் காறையில் கட்டிய சுவர் அப்படி இல்லை. உளியின் பட்டையான முனையால் நாலு தட்டுத் தட்டினால் காறை உதிர்ந்து கல் தனியாக வந்துவிடும். இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லண்ட் வகைச் சிமெண்டுக்கு 1824இல்தான் காப்புரிமை வாங்கினார்கள், அது ஊர் ஊராகப் பரவ இன்னும் பல காலம் பிடித்தது. ஆகவே சுவர் எவ்வளவு பழசோ அவ்வளவு நம்பிக்கை வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு.

அப்புறம் கல்லையே சோதிக்க வேண்டும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் சரியாக வேகாத கல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தால், உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கக் கூடாது. பழைய சுவர்களில் வெளிப்பக்கத்துக்கு நல்ல கல்லையும், பூச்சுக்குள் மறையும் உள்பக்கத்துக்கு வேக்காடு குறைந்ததையும் வைத்திருப்பார்கள். இறக்கும்போதே இரண்டையும் தனித்தனியாக அடுக்குங்கள். கலந்துவிட்டால் மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மேலே வெள்ளையாக உப்புப் பூத்த கல்லைத் தனியாக வையுங்கள். புதுச் சுவரில் வைத்தால் பூச்சைத் தள்ளும். தோட்டத்துப் பாதைக்கு ஆகும்.

பழைய மரம் உளுத்துப் போயிருக்காதா?

சிலது போயிருக்கும். ஆனால் ஐம்பது, நூறு வருடம் கூரைக்குக் கீழே நின்றும் உளுக்காத மரம், ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறிய மரம். அந்தக் காலத்தில் வயதான பெரிய மரங்களை வெட்டினார்கள். அவ்வளவு அகலக் கனத்தில் ஒரே துண்டாக இப்போது வாங்குவது கஷ்டம்.

சோதனை எளிது. சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள், உள்ளே பொந்து இருந்தால் ஓசை மாறும். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளைத் திருப்புளியால் குத்துங்கள். கெடுதல் அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் ஈரம் தங்குவது அங்கே. ஓர் அடி அறுத்துத் தள்ளினால் மீதி நல்லதாக இருக்கும் உத்திரங்கள் நிறைய. கறையான் மண் தடம் காய்ந்து பழசாக இருந்தால் பயமில்லை. துளைக்குக் கீழே புதிதாக மாவு கொட்டிக் கிடந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதை மற்ற மரத்தோடு சேர்த்து அடுக்காதீர்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு: மரத்தின் மையம் வரை 56 டிகிரி வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு வழி. அப்படிச் சூடேற்றித் தரும் பட்டறை பக்கத்தில் இருந்தால் பூச்சி விழுந்த நல்ல மரத்தையும் மீட்கலாம்.

ஆணி விஷயம் ஒன்று. எல்லா ஆணியையும் பிடுங்குங்கள். பிடுங்க முடியாமல் தலை முறிந்ததைச் சுற்றி வண்ணச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். உங்கள் மரத்தை வாங்கி அறுப்பவர் வாள் பல்லை உடைத்துக்கொண்டால் அடுத்த முறை யாருடைய பழைய மரத்தையும் தொடமாட்டார்.

இடிக்க ஒரு நாள் போதும். பிரிக்க எத்தனை நாள் ஆகும்?

மேலே சொன்ன நடுவழி என்றால் இரண்டு மூன்று நாள். சிறிய ஓட்டு வீட்டையோ மர வீட்டையோ அடி வரை பிரிக்க, கைதேர்ந்த ஐந்தாறு பேருக்கு ஓரிரு வாரம் ஆகும்.

ஆனால் பொருளை எடுத்துக்கொள்ளும் ஆளைத் தேடுவதுதான் உண்மையில் நேரம் பிடிக்கும் வேலை. அதற்கு ஒரு மாதமாவது முன்னால் இறங்க வேண்டும். “அடுத்த திங்கள்கிழமை ஜேசிபி வருகிறது, வந்து எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று வெள்ளிக்கிழமை கூப்பிடுபவர்களுக்கு என்னால் முடிந்தது, நாலு கதவைத் தூக்கி வருவது மட்டும்தான். வரைபடத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுக்கும் நாளிலேயே இதையும் தொடங்கிவிடுங்கள். அனுமதி வரும் வரை வீடு சும்மாதானே நிற்கிறது.

செலவு கூடுமா, குறையுமா? நேராகச் சொல்லுங்கள்.

கூலி கூடும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. கழிவு ஏற்றும் லாரி நடை குறையும், கொட்டும் கட்டணம் குறையும், விற்ற பொருளுக்குக் காசு வரும். இந்த மூன்றும் சேர்ந்து கூடுதல் கூலியை ஈடு கட்டுமா என்பது வீட்டைப் பொறுத்தது. தடித்த மரமும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீட்டில் பெரும்பாலும் கட்டும். முப்பது வருடக் கான்கிரீட் வீட்டில் முழுசாகப் பிரிப்பது கட்டாது, நடுவழிதான் சரி.

எல்லாவற்றையும் தானமாகவே கொடுத்தால் வரவு இல்லை, செலவு மட்டும்தான். அதனால் நான் சொல்வது, மரத்தை விற்று அந்தக் காசில் கூலியைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தானம் செய்யுங்கள். கையைச் சுட்டுக்கொண்டு தர்மம் செய்தவர் அடுத்தவரிடம் இதைப் பற்றி நல்லவிதமாகப் பேசமாட்டார்.

எதில் ஆரம்பித்து எதில் முடிப்பது?

முதலில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றையும் வீட்டுக்கு வெளியே துண்டித்ததை உறுதி செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிறகு விளக்கு, அலமாரி, கதவு, ஜன்னல். அதற்குப் பிறகு கூரை ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம். கடைசியில் சுவர், மேலிருந்து கீழாக. தரைக் கல்லை எப்போதும் கடைசியில் எடுங்கள், அதுவரை நடமாட அது வேண்டும். பலகையோ சாக்கோ விரித்துக் கல்லை மூடி வையுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் படம் எடுங்கள், துண்டுக்குத் துண்டு எண் எழுதுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மரப் படிக்கட்டை, எல்லாப் படியும் ஒரே அளவுதானே என்று எண் போடாமல் கழற்றினோம். கையால் செய்த படிக்கட்டில் எந்தப் படியும் இன்னொரு படியின் அளவில் இருக்காது. வாங்கியவர் வீட்டில் அதைப் பொருத்த ஆசாரி மூன்று நாள் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு பள்ளத்திலும் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீல், திருகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தந்தக் கதவிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தனி டப்பாவில் போட்டால் டப்பா தொலையும்.

இதை நானே, வீட்டு ஆட்களை வைத்துச் செய்யலாமா?

கதவு, அலமாரி, தாழ்ப்பாள் வரை தாராளமாக. கூரையும் சுவரும் வேண்டாம். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் கைவைத்தால் எது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பழைய வீடுகளில் பலகைத் தடுப்பு என்று நினைத்தது பாதிக் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

எதைச் செய்தாலும் தலைக்கவசம், கெட்டியான அடி வைத்த பூட்ஸ், கையுறை, தூசு முகக்கவசம் வேண்டும். ஆணி காலில் ஏறாத பிரிப்பு வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று வேலைக்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

சரி, கழற்றியாகிவிட்டது. யாரிடம் கொடுப்பது?

கழற்றிய பிறகு இதைக் கேட்டால் தாமதம், நேரம் பற்றிய கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் அமைப்புகள், பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள், தச்சுப் பயிற்சிக்கூடங்கள், பள்ளிகள், மேடை அமைக்கும் நாடகக் குழுக்கள், சிற்பிகள், தோட்டம் போடுபவர்கள் என்று ஆட்கள் இருக்கிறார்கள். ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பு ‘ரீஸ்டோர்’ என்ற பெயரில் இதற்கென்றே கடைகள் நடத்துகிறது. முதல் கடை 1991இல் கனடாவின் வின்னிபெக் நகரில் திறந்தது. தானமாக வந்த கதவையும் குழாயையும் குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தை வீடு கட்டப் போடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, உங்கள் கதவின் அளவு அவர்கள் கட்டும் வீட்டுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. யாருக்கோ பொருந்தினால் போதும்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 2005இல் தொடங்கிய ரோட்டர் என்ற குழு இன்னொரு மாதிரி. அலுவலகக் கட்டடங்களிலிருந்து கூரைப் பலகை, விளக்கு, தரைக் கல் எல்லாவற்றையும் தாங்களே கழற்றி, சுத்தம் செய்து, கட்டடக் கலைஞர்களுக்கு விற்கிறார்கள். ஒரே மாதிரிப் பொருள் நூற்றுக்கணக்கில் கிடைப்பது அலுவலகங்களில்தான். வீட்டில் பத்துக் கதவு என்றால் பத்தும் பத்து அளவு.

சும்மா கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார்கள். ஏன் இந்தப் பெருமை?

பெருமை இல்லை, அனுபவம். தானம் என்ற பெயரில் குப்பையை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பிறகு அதைக் கொட்டும் கட்டணத்தை அந்த அமைப்பு கட்ட வேண்டியிருக்கிறது. பழைய கழிவறைக் கோப்பை நல்ல உதாரணம். உடையாமல் பளபளவென்று இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் 13 லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். இப்போதையது 6 லிட்டரோ அதற்கும் குறைவோதான். அதை வாங்குபவர் ஆயுள் முழுக்கத் தண்ணீருக்கு அழ வேண்டும்.

வாங்குபவர் கேட்பது ஐந்தே விஷயம்: எத்தனை, என்ன அளவு, எந்த நிலைமையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், யார் ஏற்றுவது. கதவு என்றால் எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் சேர்த்து, வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு அனுப்புங்கள். “நிறைய நல்ல பழைய சாமான் இருக்கிறது” என்று அனுப்பினால் பதில் வராது. நானே போடமாட்டேன்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. நல்ல நிலைமைதான். யாருக்காவது மாட்டுக் கொட்டகைக்கு ஆகுமே?

கொடுக்காதீர்கள். விற்கவும் வேண்டாம். முழு ஷீட்டாக அசையாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். அது நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டைத் தடைசெய்துவிட்டது. கழற்றுவதையே இதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். நனைத்து, உடைக்காமல் இறக்கி, உறையில் மூடி, உங்கள் ஊர் விதி சொல்லும் இடத்தில் சேர்ப்பார்கள். மற்ற வேலையெல்லாம் அது போன பிறகு.

பழைய கதவில் ஏழெட்டுக் கோட்டு பெயிண்ட் இருக்கிறது. சுரண்டிவிட்டுக் கொடுக்கலாமா?

சுரண்டாமல் கொடுங்கள், சொல்லிக் கொடுங்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கா வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை 1978இல் தடைசெய்தது, பல நாடுகள் அதற்கும் வெகு பின்னால் செய்தன. காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ தீயில் காட்டினாலோ ஈயம் தூசாகவும் புகையாகவும் கிளம்பும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது.

ஈயம் உள்ள கதவைக் குழந்தைகள் இல்லாத இடத்துக்கு, அல்லது ரசாயனப் பசை பூசி ஈரமாகவே பெயிண்டை உரிக்கத் தெரிந்தவருக்குக் கொடுக்கலாம். தொட்டில், பள்ளிக்கூட மேசை செய்யப் போகிறேன் என்பவருக்குக் கூடாது. பெயிண்ட் அடித்த மரத்தையும், பூச்சிக்கொல்லி ஏற்றிய பச்சை நிற மரத்தையும் அடுப்பில் எரிக்கக் கொடுப்பதும் கூடாது. பின்னதில் ஆர்சனிக் இருக்கலாம்.

வயர், சுவிட்ச், கண்ணாடி?

வயரும் சுவிட்சும் பழைய செம்பு, பித்தளைக் கணக்கில் போகட்டும், மறுபடி மாட்டக் கொடுக்காதீர்கள். உள்ளே காப்பு உறை இறுகி வெடித்திருப்பது வெளியே தெரியாது. குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் தனியாக வையுங்கள். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்குங்கள், ஓடும் அப்படித்தான். கடினப்படுத்திய கண்ணாடியை வேறு அளவுக்கு வெட்ட முடியாது, வெட்டினால் சில்லுச் சில்லாகச் சிதறிவிடும். அதற்கு அதே அளவு தேடும் ஆள்தான் கிடைக்க வேண்டும்.

இடிக்கிறவர், “காசே வேண்டாம், பொருளை எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். அப்படியே விட்டுவிடலாமே?

விடலாம். பழைய கட்டடப் பொருள் நிறையக் கைமாறுவது இவர்கள் வழியாகத்தான். எந்த மரம் எவ்வளவுக்குப் போகும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் காசாகும் கம்பி, தடித்த உத்திரம், நல்ல நிலைக்கதவு ஆகியவற்றை மட்டும்தான் எடுப்பார்கள். ஓடும் செங்கல்லும் ஜன்னலும் இயந்திரத்தின் வாய்க்குள் போகும். அதோடு, இலவசம் என்று சொல்லும்போது உங்கள் வீட்டு மரத்தின் மதிப்பு கூலியைவிட எவ்வளவு அதிகம் என்பதை அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருப்பார்.

எழுதிக்கொள்ளுங்கள். எது அவருக்கு, எது உங்களுக்கு, எதை உடைக்காமல் இறக்கித் தர வேண்டும், எந்தத் தேதி வரை இயந்திரம் வரக்கூடாது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஒரு வீட்டு ஓடுகளை ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்று பேசி வைத்திருந்தோம், சனிக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. வேறு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று வெள்ளி சாயங்காலமே இயந்திரத்தைக் கொண்டுவந்து விட்டார் ஒப்பந்தக்காரர். இருட்டுவதற்குள் கூரை தரைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இப்போதெல்லாம் கடைசி லோடு மனையை விட்டுப் போன பிறகுதான் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கச் சொல்கிறேன்.

தானம் செய்தால் வரிச்சலுகை கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கிடைக்கும், ஆனால் பொருளின் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும், நீங்களே போட்டுக்கொண்ட விலை செல்லாது. எங்கே இருந்தாலும் கழற்றுவதற்கு முன்பே கணக்காளரிடம் கேளுங்கள். இருந்த இடத்தில் எடுத்த படமும், வாங்கிய அமைப்பின் எண்ணிக்கையிட்ட ரசீதும் இல்லாமல் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டது கூலிக்குக் கொடுத்தது, தானக் கணக்கில் சேராது.

நான் கொடுத்த உத்திரம் நாளைக்கு யார் தலையிலாவது விழுந்தால்?

நியாயமான பயம். கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள்: எந்த வருடக் கட்டடம், எதைத் தாங்கி நின்றது, எங்கே வெட்டியது, எந்தக் குறை கண்ணுக்குத் தெரிகிறது, இதைச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துவது வாங்குபவர் பொறுப்பு. தெரிந்த குறையை மறைத்தால்தான் வினை. தாங்கு வேலைக்குப் போகும் மரத்தையும் இரும்பையும் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் செலவு வாங்குபவருடையது. அதற்கு மனமில்லை என்றால் அதே உத்திரத்தில் மேசையோ பெஞ்சோ செய்யட்டும்.

தீப்பிடித்த வீடு, வெள்ளம் புகுந்த வீடு. அதில் எடுக்கலாமா?

தீயில் பெரிய மரம் ஏமாற்றும். மேலே கரியாகி இருந்தாலும் செதுக்கினால் உள்ளே நல்ல மரம் இருக்கும், கரியே உள்மரத்துக்குக் கவசமாக நின்றிருக்கும். இரும்பு நேர்மாறு. 600 டிகிரி வாக்கில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், ஆறிய பிறகு நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றினாலும் நம்பாதீர்கள். கான்கிரீட் சில இடங்களில் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் 300 டிகிரியைத் தாண்டிய சூடு அங்கே ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

வெள்ளத்தில் கருங்கல், ஓடு, செங்கல், முழுமரக் கதவு பிழைக்கும். கழுவி, நிழலில், இடையில் குச்சி கொடுத்துக் காற்றாட அடுக்கி உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். ஒட்டுப்பலகையும் அட்டைப் பலகையும் போனது போனதுதான். சாக்கடைத் தண்ணீர் கலந்த வெள்ளம் என்றால் உறிஞ்சும் எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பழசை வைத்துக் கட்டினால் பார்ப்பவர்கள் மட்டமாக நினைப்பார்களே?

ரோமாபுரியில் கான்ஸ்டன்டைன் பேரரசரின் வெற்றி வளைவு நிற்கிறது, கி.பி. 315இல் கட்டியது. அதன் சிற்பங்களில் நிறைய, அவருக்கு முன்னால் ஆண்ட டிராஜன், ஹேட்ரியன், மார்கஸ் ஆரேலியஸ் காலத்து நினைவுச் சின்னங்களிலிருந்து எடுத்து வந்தவை. பழசை வைத்துக் கட்டியது என்பதால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. ஜப்பானின் இசே கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். பழைய கோயிலின் பெருந்தூண்கள் பாலத்து நுழைவாயில்களாகின்றன, மற்ற மரம் நாட்டின் வேறு கோயில்களுக்குப் போகிறது. கொடுப்பது அங்கே கட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

நடைமுறையில் ஒரு யோசனை. புது வீட்டின் வரைபடம் போடும் முன் பழைய கதவை வாங்கிவிடுங்கள். அளவு தெரிந்தால் வாசலை அதற்கேற்ப வைக்கலாம். சுவர் எழும்பிய பிறகு கதவு தேடினால் செதுக்குவதிலேயே பாதி மரம் போகும்.

எல்லாம் சரி, இடிக்காமலே இருந்துவிட்டால்?

அதுதான் எனக்கும் இஷ்டம், அதைச் சொன்னால் என் வேலை போகும். அஸ்திவாரமும் சுவரும் நல்லதாக இருந்து, அறை மட்டும் போதவில்லை என்றால் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வீட்டின் எடையில் பெரும்பகுதி அஸ்திவாரம், சுவர், தளம் ஆகியவற்றில் இருக்கிறது. இவற்றில் கான்கிரீட்டாலும் சிமெண்டாலும் ஆனவை முழுசாகத் தேறாது என்று மேலேயே சொன்னேன். உலகத்துக் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் செய்வதால் வருகிறது. தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டுபவர், நூறு கதவைக் காப்பாற்றும் என்னைவிட அதிகம் காப்பாற்றுகிறார்.

புது வீடு கட்டப் போகிறோம். பின்னால் யாராவது சுலபமாகப் பிரிக்க இப்போதே என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் சேர்த்துவிட்டேன். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியும் கொண்டு படிக மாளிகை கட்டினார்கள். பட்டறையில் ஒரே அளவில் வார்த்த துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்திய கட்டடம். கண்காட்சி முடிந்ததும் அதைக் கழற்றிக் கொண்டுபோய் சிடன்ஹாம் என்ற இடத்தில் இன்னும் பெரிதாக நிறுத்தினார்கள். 1854இல் அங்கே திறந்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பசைக்குப் பதில் திருகு. வெல்டிங்குக்குப் பதில் போல்ட். சுவரைத் தாங்கு வேலைக்கு இழுக்காத இடத்தில் சுண்ணாம்புக் கலவை. குழாயையும் வயரையும் சுவருக்குள் புதைக்காமல் தனிப் பாதையில் விடுவது. கதவு, ஜன்னல்களை வீடு முழுக்க இரண்டு மூன்று அளவுக்குள் அடக்குவது. எதை எங்கே எப்படிப் பொருத்தினார்கள் என்ற படங்களை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். ஐம்பது வருடம் கழித்துத் திருப்புளியோடு வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.